சென்னைக்கு வேலை தேடி வர்ற பொண்ணுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

டிகிரி முடிச்சிட்டு சென்னைக்கு கிளம்புற தங்கச்சிங்க, அவங்க ஃப்ரெண்ட்ஸ், சில சமயம் அவங்க அம்மாங்களே கூட போன் போட்டு என்கிட்ட கேக்குற கேள்விங்க தான் இது. நான் சங்கரன்கோவில் பக்கம், பி.காம் முடிச்சிட்டு இங்க வந்து, ஹாஸ்டல் மாறி கம்பெனி மாறி இப்போ கிண்டில ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை கட்டிடுச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

வேலை கன்ஃபார்ம் ஆனதும் வரட்டுமா, இல்ல வந்துட்டு தேடவா?

கேம்பஸ்ல ஆஃபர் வாங்கினவங்க ஜாயினிங் மெயில் வர்ற வரைக்கும் ஊர்லயே இருங்க. ஐடில ஜாயினிங் டேட் தள்ளி தள்ளி போறது சகஜம், அதுவரைக்கும் இங்க வாடகை கட்டிட்டு உக்காந்திருக்க தேவையில்ல. மத்தவங்க வந்துதான் ஆகணும், ஏன்னா வாக்-இன் (நேரா போய் கலந்துக்குற இன்டர்வியூ) எல்லாம் இன்னைக்கு ராத்திரி வாட்ஸப்ல வந்து நாளைக்கு காலைல 10 மணிக்கு இருக்கும், தென்காசில இருந்துட்டு அதுக்கு எப்படி போவீங்க? ஹெச்ஆர் போன் பண்ணி இப்போ எங்க இருக்கீங்கன்னு கேக்கும்போது ஊர் பேர சொன்னாலே பாதி பேரு சரி சொல்றோம்னு வச்சிடுவாங்க. ஆனா ரெஸ்யூம் அடிக்கிறது, ஆப்டிட்யூட் டெஸ்ட் போட்டு பழகுறது, நாக்ரி லிங்க்டின்ல ப்ரொஃபைல் போடுறது இதெல்லாம் ஊர்லயே முடிச்சிட்டு வாங்க. ரெஸ்யூம் டைப் பண்றதுக்கு எதுக்கு சென்னை வாடகை.

கையில எவ்ளோ காசு இருக்கணும்?

சாப்பாடோட ஷேரிங் ஹாஸ்டல் ஏரியாவ பொறுத்து மாசம் 6,000ல இருந்து 9,000 வரைக்கும் போகுது. அட்வான்ஸ் தனி, பெரும்பாலும் ஒரு மாச வாடகை. பஸ், ட்ரெயின், போன் ரீசார்ஜ், சோப்பு, நாப்கின், ஜெராக்ஸ், அப்பப்போ ஒரு டீ பஜ்ஜின்னு இன்னொரு 3,000 வச்சுக்கோங்க. மூணு மாசம் தாக்குப்பிடிக்கணும்னா 40 ஆயிரத்த ஒட்டி வந்துடும்.

40 ஆயிரமான்னு கேக்காதீங்க, மூணு மாசம்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. வேலை முதல் மாசமே கிடைச்சாலும் நீங்க 10ஆம் தேதி ஜாயின் பண்ணா நெறைய கம்பெனில அந்த மாச பேரோல் முடிஞ்சிருக்கும், பேங்க் அக்கவுண்ட் ஓபன் ஆகணும், முதல் சம்பளம் அடுத்த மாச கடைசில தான் கைக்கு வரும். அதவிட முக்கியமான விஷயம், நான் இங்க பாத்த வரைக்கும் பொண்ணுங்க மோசமான கம்பெனில போய் மாட்டுறது அறிவு இல்லாம இல்ல, ரெண்டாவது மாசம் முடிஞ்சு ஹாஸ்டல் வாடகைக்கு காசு இல்லாம நிக்கிற அந்த வாரத்துல தான் எந்த பேப்பர நீட்டினாலும் கையெழுத்து போட்டுடுறாங்க. காசு மொத்தமா சேரலன்னா ரெண்டு மாசம் ஊர்லயே ஏதாவது ஸ்கூல்லயோ ஆடிட்டர் ஆபீஸ்லயோ வேலை பாத்து சேத்துட்டு வாங்க, சென்னை எங்கயும் ஓடிடாது.

எந்த ஏரியால தங்கணும்?

எல்லாரும் இத கடைசியா யோசிக்கிறாங்க, சித்தி வீடு பக்கம், ஃப்ரெண்டு இருக்கா அப்படின்னு. வேலை இன்னும் கிடைக்காதவங்க ட்ரெயின் லைன் மேல தங்கணும். பீச்ல இருந்து தாம்பரம் வழியா செங்கல்பட்டு போற லோக்கல் ட்ரெயின் தான் இந்த ஊருக்கு முதுகெலும்பு, அதுல கிண்டி, சைதாப்பேட்டை, குரோம்பேட்டை, தாம்பரம் எங்க தங்கினாலும் சரி. கிண்டில இறங்கினா மெட்ரோ மாறலாம், பார்க்ல இறங்கி ரோட்ட கடந்தா சென்ட்ரல், அங்க இருந்து அம்பத்தூர் பக்கம் போற திருவள்ளூர் லைன் பிடிக்கலாம். இன்டர்வியூ இன்னைக்கு அம்பத்தூர் எஸ்டேட்லயும் நாளைக்கு சோழிங்கநல்லூர்லயும் இருக்கும், நடுவுல இருக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு தான்.

வேலை கிடைச்சதும் ஆபீஸ் பக்கமா மாறிடுங்க. டைடல் பார்க், தரமணி பக்கம்னா வேளச்சேரி, திருவான்மியூர் சரியா வரும், பறக்கும் ரயில் திருவான்மியூர் ஸ்டேஷன் டைடல் பார்க் எதிர்லயே இருக்கு. சிறுசேரி, நாவலூர் கம்பெனின்னா ஓஎம்ஆர்லயே (பழைய மகாபலிபுரம் ரோடு) தங்குங்க, வேற வழி இல்ல. அந்த ரோட்டுல இப்போ மெட்ரோ வேலை நடக்குது, தடுப்பு போட்டு ரோடு பாதியா சுருங்கி கிடக்கு, சாயங்காலம் 6 மணிக்கு மேல சோழிங்கநல்லூர்ல இருந்து தாம்பரம் போறதுக்குள்ள பொறுமை எல்லாம் போயிடும். போரூர், மணப்பாக்கம் பக்கம் வேலைன்னா ராமாபுரம், வளசரவாக்கம். 500 ரூபா வாடகை கம்மின்னு ரெண்டு மணி நேரம் தூரத்துல தங்காதீங்க, அந்த ரெண்டு மணி நேரத்துல தூங்கலாம், இல்ல எதாவது கோர்ஸ் முடிக்கலாம்.

லேடீஸ் ஹாஸ்டல் பாக்க போனா என்னென்ன பாக்கணும்?

முதல்ல மத்தியானம் போகாதீங்க, காலைல 7 மணிக்கு இல்ல ராத்திரி 8 மணிக்கு போங்க. மத்தியானம் எல்லா ஹாஸ்டலும் அழகா தான் இருக்கும், ஒருத்தரும் ரூம்ல இருக்க மாட்டாங்க. காலைல போனா தெரியும் ஒரு பாத்ரூமுக்கு எத்தன பக்கெட் வரிசைல நிக்குதுன்னு. நான் முதல்ல இருந்த ஹாஸ்டல்ல பக்கெட் மேல பேர் எழுதி ராத்திரியே கதவுக்கு பக்கத்துல வச்சிட்டு படுப்பாங்க, காலைல எந்திரிச்சு பாத்தா நம்ம பக்கெட் நாலாவது இடத்துக்கு போயிருக்கும், யார் நகத்துனதுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. இன்டர்வியூ நாள்ல மட்டும் எல்லாரும் வழி விடுவாங்க, அது ஒரு எழுதாத சட்டம்.

தண்ணிய கையில பிடிச்சு பாருங்க. போர் தண்ணி உப்பா இருந்தா சோப்பு நுரைக்காது, முடி கொட்டுதுன்னு எல்லாரும் புலம்புற கதை அங்க தான் ஆரம்பிக்குது. குடிக்க கேன் தண்ணியா, ஆர்ஓவா, கேன்னா அதுக்கு தனியா காசான்னு கேளுங்க. ஈபி பில் வாடகைல சேத்தியா தனியா, ஏசி ரூம்னா யூனிட்டுக்கு எவ்ளோ, அட்வான்ஸ்ல மெயின்டனன்ஸ்னு எவ்ளோ பிடிப்பாங்க, காலி பண்ண எத்தன நாள் முன்னாடி சொல்லணும், எல்லாத்தையும் ரசீதுலயோ வாட்ஸப்லயோ எழுதி வாங்குங்க. ராத்திரி கேட் எத்தன மணிக்கு பூட்டுவாங்கன்னு கண்டிப்பா கேளுங்க, 9 மணி கேட் இருக்கிற ஹாஸ்டல்ல பிபிஓ (கால் சென்டர் மாதிரி) வேலை பாக்கவே முடியாது.

தமிழ்நாட்டுல 2014ல இருந்து பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்குன்னு தனி சட்டமே இருக்கு, லைசென்ஸ் இல்லாம ஹாஸ்டல் நடத்த கூடாது. லைசென்ஸ் இருக்கான்னு சும்மா ஒரு வார்த்த கேட்டு பாருங்க, வார்டன் முகத்த பாத்தாலே பதில் தெரிஞ்சிடும். சிசிடிவி எங்க எங்க இருக்குன்னும் பாருங்க, வாசல்லயும் படிக்கட்டுலயும் இருக்கிறது ஓகே, ரூம் வராண்டால துணி காயப்போடுற இடத்த பாத்து ஒரு கேமரா இருந்தா அங்க வேண்டாம்.

கவர்மென்ட் ஹாஸ்டல் இல்லையா?

இருக்கு. தோழி விடுதின்னு தமிழ்நாடு அரசோட பணிபுரியும் மகளிர் விடுதிகள் நிறுவனம் நடத்துது. சென்னை பக்கம் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரில எல்லாம் இருக்கு, ஆன்லைன்ல புக் பண்ணலாம். பயோமெட்ரிக் என்ட்ரி, வைஃபை எல்லாம் உண்டு, சுத்தமா இருக்கு. இடம் சீக்கிரம் நிறைஞ்சிடும், அதனால வேலை கிடைச்ச அன்னைக்கே அப்ளை பண்ணி வைங்க.

ஃப்ரெண்ட்ஸ் சேந்து வீடு எடுத்தா மிச்சம் ஆகாதா?

நாலு பேரும் சம்பளம் வாங்குறவங்களா இருந்தா ஆகும். வேலை தேடுற நேரத்துல வேண்டவே வேண்டாம். பேச்சிலர் பொண்ணுங்கன்னாலே யோசிக்கிற ஓனர், எந்த ஊரு என்ன ஆளுங்கன்னு சுத்தி வளைச்சு ஜாதி கேக்குற ஓனர், சிக்கன் சமைக்க கூடாதுன்னு சொல்ற ஓனர்னு ஒவ்வொருத்தரா பாத்து வரணும், நடுவுல ப்ரோக்கருக்கு ஒரு மாச வாடகை. அட்வான்ஸ் விஷயத்துல, 2019ல அமலுக்கு வந்த வாடகை சட்டப்படி வேற மாதிரி ஒப்பந்தம் போட்டா ஒழிய மூணு மாச வாடகைக்கு மேல வாங்க கூடாது, ஆனா இன்னும் அஞ்சு மாசம் பத்து மாசம்னு வாய் கூசாம கேக்குறவங்க இருக்காங்க. பேரம் பேசுங்க.

பொண்ணுங்களுக்கு எல்லா பஸ்லயும் ஃப்ரீயா?

இல்ல. சாதா கட்டண பஸ்ல மட்டும் தான், 2021 மே மாசத்துல இருந்து. முன்னாடியும் பின்னாடியும் பிங்க் பெயின்ட் அடிச்சிருக்கும், அத பாத்து ஏறுங்க. டீலக்ஸ், ஏசி பஸ்ல காசு உண்டு. ஃப்ரீ தானேன்னு கம்முன்னு உக்காந்துடாதீங்க, கண்டக்டர் கிட்ட அந்த இலவச டிக்கெட்ட கேட்டு வாங்கிக்கணும். வேலை தேடுற காலத்துல இது சின்ன விஷயம் இல்ல, பிங்க் பஸ்ஸுக்கு 20 நிமிஷம் வெயிட் பண்ணி போனா மாசத்துக்கு ஆயிரம் ரூபாகிட்ட மிஞ்சும். ஆனா இன்டர்வியூ அன்னைக்கு அந்த கணக்கு பாக்காதீங்க, எந்த பஸ் முதல்ல வருதோ அதுல ஏறுங்க. கோயம்பேட்டுல இருந்து சிறுசேரி போற 570, கேளம்பாக்கம் போற 102, இது ரெண்டும் ஓஎம்ஆர் இன்டர்வியூ காரங்க மனப்பாடம் பண்ண வேண்டிய நம்பர். லோக்கல் ட்ரெயின்ல லேடீஸ் கோச் இருக்கு, டிக்கெட் குறைஞ்சது 5 ரூபா தான், வேலை கிடைச்சதும் மன்த்லி சீசன் எடுத்துடுங்க.

ஹாஸ்டல் சாப்பாடு வாய்ல வைக்க முடியல, என்ன பண்றது?

எல்லா ஹாஸ்டல்லயும் அதே சாம்பார் தான், பழகிடும். இட்லி பொடி, ஊறுகாய், அம்மா கையால பருப்பு பொடி ஒரு டப்பா வந்தா பாதி பிரச்சன தீந்தது. வெளிய அலையிற நாள்ல அம்மா உணவகம் இருக்கு, 2013ல ஆரம்பிச்சது, இட்லி ஒரு ரூபா, சாம்பார் சாதம் 5 ரூபா, தயிர் சாதம் 3 ரூபா. கௌரவம் பாக்காம போய் சாப்பிடுங்க, டை கட்டின பசங்க எத்தன பேரு அங்க நின்னு சாப்பிடுறாங்கன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். இன்டர்வியூக்கு வெறும் வயித்துல மட்டும் போகாதீங்க, 10 மணின்னு சொல்லி 3 மணிக்கு தான் கூப்பிடுவாங்க.

நாக்ரில அப்ளை பண்ணிட்டே இருக்கேன், ஒரு கால் கூட வரலையே?

ப்ரொஃபைல தினமும் காலைல ஏதாவது ஒரு சின்ன மாத்தம் பண்ணி சேவ் பண்ணுங்க, அப்டேட் ஆன ப்ரொஃபைல் தான் ஹெச்ஆர் தேடும்போது மேல வரும். கரெண்ட் லொகேஷன் சென்னைன்னு போடுங்க. ஃப்ரெஷரா இருந்தா நோட்டீஸ் பீரியட்ல உடனே ஜாயின் பண்ணுவேன்னு போடுங்க. எல்லா வேலைக்கும் ஒரே ரெஸ்யூம அனுப்பாதீங்க, அக்கவுண்ட்ஸ் வேலைக்கு டேலி, ஜிஎஸ்டி, எக்ஸல் மேல இருக்கணும், கஸ்டமர் சப்போர்ட்டுக்கு உங்களுக்கு தெரிஞ்ச பாஷை மேல இருக்கணும். தெலுங்கோ மலையாளமோ ஹிந்தியோ தெரிஞ்சா அத ஒளிச்சு வைக்காதீங்க, அதுக்கு தனி டிமாண்ட்.

ஆனா உண்மைய சொல்லணும்னா எனக்கு தெரிஞ்ச முக்கால்வாசி பேருக்கு வேலை கிடைச்சது ரெஃபரல்ல, அதாவது உள்ள வேலை பாக்குறவங்க சிபாரிசுல தான். காலேஜ் சீனியர் அக்கா, ஹாஸ்டல் ரூம்மேட், லேடீஸ் கோச்ல தினமும் பாக்குற ஆள், யார்கிட்டயும் கூச்சப்படாம கேளுங்க. கேக்கும்போது "அக்கா ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க"ன்னு மொட்டையா கேக்காதீங்க. கம்பெனி கேரியர் பேஜ்ல இருக்கிற வேலையோட ஜாப் ஐடிய எடுத்து "அக்கா இந்த ஓபனிங்குக்கு ரெஃபர் பண்ண முடியுமா"ன்னு ரெஸ்யூமோட அனுப்புங்க, அவங்களுக்கும் ரெஃபரல் போனஸ் வரும், தயங்க மாட்டாங்க. அரசு வேலைவாய்ப்பு துறையோட தனியார் துறை வேலை இணையதளத்துலயும் ஃப்ரீயா பதிவு பண்ணிடுங்க, அவங்க நடத்துற வேலைவாய்ப்பு முகாம்ல சின்ன கம்பெனிங்க நெறைய வரும், இன்டர்வியூ பயம் போறதுக்காவது ஒரு தடவ போயிட்டு வாங்க.

வாக்-இன்ல என்ன நடக்கும்?

கூட்டம் நடக்கும். பேப்பர்ல போட்டது 10 மணி, 8 மணிக்கே கேட்டுக்கு வெளிய வரிசை. அம்பத்தூர்ல ஒரு கம்பெனில நான் போனப்போ செக்யூரிட்டி அண்ணா ஒரு நீள நோட்டுல பேர், ஊர், போன் நம்பர் எழுத வச்சு கையில டோக்கன் குடுத்தாரு, உள்ள உக்கார இடம் இல்ல, எல்லாரும் எதிர்ல புங்க மரத்தடில ஃபைல தலைக்கு மேல பிடிச்சிட்டு நின்னோம், பக்கத்துல ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு பக்கத்துக்கு 5 ரூபா வாங்கிட்டு இருந்தாரு. அதனால ரெஸ்யூம் காப்பி, ஆதார் காப்பி, மார்க் ஷீட் காப்பி, போட்டோ எல்லாம் முதல் நாளே எடுத்து வச்சுக்கோங்க.

முதல்ல ஆப்டிட்யூட், அதுல பாதி பேர் காலி. அப்புறம் ஒரு நிமிஷம் ஏதாவது தலைப்புல பேச சொல்லுவாங்க, இல்ல குரூப் டிஸ்கஷன். பிபிஓன்னா வெர்சன்ட் டெஸ்ட், நீங்க பேசுற இங்கிலீஷ கம்ப்யூட்டரே சோதிக்கும், அது சொல்றத நீங்க திருப்பி சொல்லணும். கடைசியா ஹெச்ஆர். 10ஆவது, 12ஆவது, டிகிரி மூணுலயும் 60 பர்சன்ட் கேக்குற கம்பெனி நெறைய, அரியர் இருந்தா மறைக்காதீங்க, வெரிஃபிகேஷன்ல எப்படியும் வெளிய வந்துடும்.

இங்கிலீஷ் வராது, தமிழ் மீடியம், என்ன பண்ணட்டும்?

வரும். ஆபீஸ்ல யாரும் நீங்க நினைக்கிற அளவுக்கு பெரிய இங்கிலீஷ் பேசல, ஒரே 200 வார்த்தைய தான் திருப்பி திருப்பி பேசுறாங்க. உங்கள பத்தி சொல்லுங்க, ஏன் இந்த வேலை, ப்ராஜெக்ட் என்ன பண்ணீங்க, இந்த மூணுக்கும் சொந்தமா பதில் எழுதி போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க. நெட்ல இருக்கிறத மனப்பாடம் பண்ணா நடுவுல ஒரு வார்த்த மறந்ததும் மொத்தமும் நின்னுடும். புரியலன்னா திருப்பி கேளுங்க, தலைய ஆட்டிட்டு தப்பான பதில் சொல்றத விட அது எவ்வளவோ மேல். வாய்ஸ் ப்ராசஸ் பயமா இருந்தா நான்-வாய்ஸ், பேக் ஆபீஸ், டேட்டா வேலைல ஆரம்பிங்க. இங்கிலீஷ் க்ளாஸுக்கு 15 ஆயிரம் கட்டாதீங்க, அது உங்க ரெண்டு மாச வாடகை.

கன்சல்டன்சில காசு கட்டினா வேலை உறுதின்னு சொல்றாங்களே?

கட்டாதீங்க. ஒழுங்கான கன்சல்டன்சிக்கு காசு குடுக்கிறது கம்பெனி தான், உங்ககிட்ட கேக்கவே மாட்டாங்க. இவங்க கேக்குற பேர் மட்டும் மாறிட்டே இருக்கும், ரெஜிஸ்ட்ரேஷன் 500, ட்ரெயினிங் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், யூனிஃபார்ம், ஒண்ணும் இல்லேன்னா "பேக்டோர்"னு ரெண்டு லட்சம். பேக்டோர்ல உள்ள போறவங்க போலி எக்ஸ்பீரியன்ஸ் காட்டி போறாங்க, பிஎஃப் ரெக்கார்ட செக் பண்ணாலே மாட்டிக்குவாங்க, வேலையும் போகும் காசும் போகும்.

ஆஃபர் லெட்டர் ஜிமெயில்ல இருந்து வந்தா சந்தேகப்படுங்க. கம்பெனி பேர கம்பெனி விவகார அமைச்சகத்தோட எம்சிஏ சைட்ல தேடி பாருங்க, பதிவாகியிருக்கா, எந்த அட்ரஸ்னு வந்துடும். அட்ரஸுக்கு நேர்ல போங்க, நீங்க தான் சென்னைலயே இருக்கீங்களே. டெலிகிராம்ல வீடியோவுக்கு லைக் போட்டா காசு, ஹோட்டலுக்கு ரேட்டிங் போட்டா காசுன்னு வர்றது எல்லாம் ஒரே கதை தான், முதல்ல 150 ரூபா உண்மையாவே போடுவாங்க, அப்புறம் நீங்க 1,000 போடுங்க 1,300 தரோம்னு ஆரம்பிச்சு பெரிய தொகைல வந்து நிப்பாங்க. காசு போயிடுச்சுன்னா அழுதுட்டு உக்காராம உடனே 1930க்கு போன் பண்ணுங்க, எவ்ளோ சீக்கிரம் சொல்றீங்களோ அவ்ளோ தூரம் பணத்த நிறுத்தி வைக்க வாய்ப்பு. தாய்லாந்துல டேட்டா என்ட்ரி, மாசம் 80 ஆயிரம்னு யாராவது சொன்னா அந்த நம்பர பிளாக் பண்ணிடுங்க, அப்படி போனவங்கள மியான்மர் எல்லைல அடைச்சு வச்சு சைபர் மோசடி பண்ண வச்ச செய்தி எல்லாம் படிச்சிருப்பீங்க.

ஒரிஜினல் சர்டிபிகேட் கேக்குறாங்க, குடுக்கலாமா?

காட்டலாம், குடுக்க கூடாது. உங்க முன்னாடியே பாத்துட்டு அன்னைக்கே திருப்பி தர்றது வெரிஃபிகேஷன். "ரெண்டு வருஷம் எங்க லாக்கர்ல இருக்கும்"னு சொல்றது உங்க கழுத்துல கயிறு. பாண்ட் (இத்தன மாசம் வேலைய விட மாட்டேன்னு எழுதி குடுக்கிறது) போட சொன்னா எத்தன மாசம், நடுவுல போனா எவ்ளோ கட்டணும், ட்ரெயினிங் சம்பளத்தோடயா சம்பளம் இல்லாமலயான்னு வரி வரியா படிங்க, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் டைம் கேளுங்க. டைம் தர மாட்டோம் இப்பவே போடுன்னா எந்திரிச்சு வாங்க. கேக்குறதுக்கு ஈஸியா இருக்கு, செய்றது கஷ்டம்னு தெரியும், அதுக்கு தான் மேல அந்த மூணு மாச காசு கதைய அவ்ளோ நீட்டி சொன்னேன்.

எப்போ கல்யாணம்னு இன்டர்வியூல கேக்குறாங்க, என்ன சொல்றது?

எரிச்சலா தான் இருக்கும். பசங்ககிட்ட கேக்க மாட்டாங்க. "அடுத்த ரெண்டு மூணு வருஷம் வேலைல தான் கவனம், வீட்லயும் பேசிட்டேன்"னு சிரிச்சிட்டே சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்கு போயிடுங்க. அதுக்கு மேலயும் பாய்ஃப்ரெண்ட் இருக்கா, ராத்திரி தனியா வருவியான்னு தோண்டினா அந்த ஆளு கீழ வேலை எப்படி இருக்கும்னு அங்கயே தெரிஞ்சிடுச்சு, மிச்சப்படுத்தினதா நினைச்சுக்கோங்க.

3 லட்சம் பேக்கேஜ்னா மாசம் 25 ஆயிரம் வருமா?

வராது, இங்க தான் எல்லாரும் ஏமாந்து நிக்கிறாங்க. சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்கு செலவு பண்ற மொத்த தொகை, 3 லட்சம்ல 10 பர்சன்ட் வேரியபிள்னு (வேலைய பொறுத்து மாறுற பங்கு) வைங்க, அது மாசா மாசம் வராது, 2,500 அங்கயே போச்சு. பேசிக் 15 ஆயிரம்னா கம்பெனி கட்டுற பிஎஃப் 1,800, கிராஜுட்டி 720 சொச்சம், ரெண்டும் சிடிசிக்குள்ளயே இருக்கும். மிச்சம் 20 ஆயிரத்த ஒட்டி வரும், அதுல உங்க பங்கு பிஎஃப் 1,800 பிடிப்பாங்க. சம்பளம் 21,000க்குள்ள இருந்தா இஎஸ்ஐயும் உண்டு, உங்க பங்கு 0.75 பர்சன்ட். ஆக கைக்கு 18 ஆயிரம். அதனால ஹெச்ஆர்கிட்ட "டேக் ஹோம் எவ்ளோ சார், சாலரி பிரேக்கப் மெயில் பண்ண முடியுமா"ன்னு கேளுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. இது இல்லாம ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ப்ரொஃபஷனல் டாக்ஸ்னு ஒண்ணு பிடிப்பாங்க, அந்த மாசம் சம்பளம் குறைஞ்சிடுச்சேன்னு பதறாதீங்க.

இஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா அந்த கார்ட வாங்கி வச்சுக்கோங்க, கே.கே. நகர், அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரில வைத்தியம் ஃப்ரீ. வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்தா தெருமுனை கிளினிக்ல 500 குடுக்கிறதுக்கு பதிலா பக்கத்துல மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையம் எதுன்னு ஹாஸ்டல் அக்காங்ககிட்ட கேட்டு வைங்க, அங்க டாக்டர், மாத்திர, ரத்த டெஸ்ட் எல்லாம் ஃப்ரீ.

நான் ஐடி இல்ல, எனக்கு என்ன வேலை கிடைக்கும்?

சென்னைன்னா ஐடி மட்டும்னு யார் சொன்னது. பயாலஜி, நர்சிங், ஃபார்மசி படிச்சவங்களுக்கு மெடிக்கல் கோடிங் (நோயாளி ரெக்கார்ட பாத்து இன்சூரன்ஸ் பில்லுக்கு கோட் போடுறது) இருக்கு, சிபிசி சர்டிபிகேட் முடிச்சா சம்பளம் கூடும், ஆனா கோச்சிங் சென்டர்ல "100 பர்சன்ட் ப்ளேஸ்மென்ட்"னு போர்டு வச்சிருந்தா போன பேட்ச் பொண்ணுங்க நாலு பேர் நம்பர் கேளுங்க. காமர்ஸ்காரங்க ஆடிட்டர் ஆபீஸ்ல கம்மி சம்பளத்துல ஒரு வருஷம் இருந்தா ஜிஎஸ்டி, டிடிஎஸ் எல்லாம் கைக்கு பழகிடும், அப்புறம் கம்பெனிக்கு தாவுறது சுலபம், நான் அப்படி தான் வந்தேன். தி.நகர் ஜவுளிக்கடை, நகைக்கடைல தங்குமிடம் சாப்பாடோட வேலை உண்டு, நாள் முழுக்க நிக்கணும்ங்கிறது தான் அங்க பெரிய கொடுமை. 2021ல சட்டத்த திருத்தி கடைல வேலை பாக்குறவங்களுக்கு உக்கார சீட் வைக்கணும்னு கொண்டு வந்தாங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு கஸ்டமர் மாதிரி போய் பாருங்க, பொண்ணுங்க உக்காந்திருக்காங்களா இல்ல சூப்பர்வைசர பாத்ததும் துள்ளி எந்திரிக்கிறாங்களான்னு.

நைட் ஷிஃப்ட் எடுக்கலாமா?

கேப் வீட்டு வாசலுக்கு வருமா, மெயின் ரோட்டுல இறக்கி விடுவாங்களா, கடைசியா இறங்குறது பொண்ணா இருந்தா கூட செக்யூரிட்டி வருவாங்களா, இத மூணையும் ஜாயின் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க. அலவன்ஸ் நல்லா வரும், ஆனா பகல்ல ஹாஸ்டல்ல தூங்க விட மாட்டாங்க, ஒருத்தி மிக்ஸி போடுவா ஒருத்தி போன்ல சண்ட போடுவா. போன்ல தமிழ்நாடு போலீஸோட காவல் உதவி ஆப், 112, பெண்கள் உதவிக்கு 181, போலீஸ் மகளிர் ஹெல்ப்லைன் 1091 எல்லாம் சேவ் பண்ணி வைங்க.

ஆபீஸ்ல ஒருத்தர் தப்பா நடந்துக்கிறாரு, சொன்னா வேலை போயிடுமோ?

10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எந்த இடத்துலயும் உள் புகார் குழு இருக்கணும், 2013 சட்டம். தலைவர் ஒரு பொண்ணா இருக்கணும், வெளிய இருந்து ஒரு உறுப்பினர் இருக்கணும். நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், அதனால "பாத்துக்கலாம்"னு தள்ளி போடாதீங்க. மெசேஜ அழிக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பர்சனல் மெயிலுக்கு அனுப்புங்க, ஆபீஸ் மெயில் ஒரே நாள்ல லாக் ஆகிடும். சின்ன கம்பெனி, இல்ல முதலாளியே தான் ஆளுன்னா மாவட்ட அளவுல உள்ளூர் புகார் குழு இருக்கு, அங்க குடுக்கலாம்.

வேலை தேடிட்டே டிஎன்பிஎஸ்சியும் படிக்கலாமா?

படிக்கலாம், ஆனா வருமானம் இல்லாம அதுக்குன்னு மட்டும் சென்னைல தங்காதீங்க, குரூப் 4க்கு ஊர்ல இருந்தே மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வ பயிலும் வட்டத்துல ஃப்ரீயா க்ளாஸ் போகலாம். இங்க இருக்கீங்கன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2010ல திறந்தது, நம்ம சொந்த புக் கொண்டு போய் படிக்க தனி இடமே உண்டு. ஏசி, சுத்தமான பாத்ரூம், கேன்டீன், கரெண்ட் பாயின்ட். இன்டர்வியூ இல்லாத நாள்ல ஹாஸ்டல் கட்டில்ல படுத்து ரீல்ஸ் பாத்துட்டு அழுறதுக்கு அங்க போய் உக்காருங்க, பக்கத்துல படிக்கிறவங்கள பாத்தாவது புக்க தொறப்பீங்க.

மூணு மாசம் ஆச்சு, ஒண்ணும் கிடைக்கல, வீட்ல திரும்பி வான்னு கத்துறாங்க?

வாரம் எத்தன அப்ளை பண்ணீங்க, எந்த ரவுண்டுல வெளிய வர்றீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி பாருங்க. கால் வரலன்னா ரெஸ்யூம் பிரச்சன, ஆப்டிட்யூட்ல போனா கணக்கு பிரச்சன, ஹெச்ஆர்ல போனா பேச்சு பிரச்சன, ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. தினமும் அதே ரெஸ்யூம அம்பது பேருக்கு அனுப்பிட்டு இருந்தா இன்னும் மூணு மாசம் ஆனாலும் அப்படியே தான் இருக்கும். காசு தீந்துடுச்சுன்னா ஊருக்கு போறதுல ஒரு அவமானமும் இல்ல, ஒரு மாசம் போய் உக்காந்து எது குறையுதோ அத படிச்சிட்டு திரும்பி வாங்க. ஹாஸ்டல்ல கட்டில் மட்டும் காலி பண்ணிட்டு அட்வான்ஸ வாங்கிடுங்க, "திரும்ப வரும்போது கழிச்சுக்கலாம்"னு வார்டன் சொன்னா நம்பாதீங்க. வீட்ல கத்துறது பயத்துல, ராத்திரி ஒரு வீடியோ கால் போட்டு ரூம காட்டினா அம்மா பாதி அடங்கிடுவாங்க. அப்பா விஷயத்துல எனக்கே இன்னும் வழி தெரியல.

தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட்டே கிடைக்கலையே?

ட்ரெயின் ரிசர்வேஷன் இப்போ 60 நாள் முன்னாடி தான் ஓபன் ஆகுது, முன்னாடி 120 நாளா இருந்தத 2024 நவம்பர்ல குறைச்சிட்டாங்க. காலைல 8 மணிக்கு ஆப்ல ரெடியா உக்காருங்க, பொதிகை, நெல்லை எல்லாம் சில நிமிஷத்துல வெயிட்டிங் லிஸ்ட் போயிடும். கிடைக்கலன்னா தென் மாவட்ட பஸ் எல்லாம் கிளாம்பாக்கத்துல இருந்து, 2023 டிசம்பர் கடைசில திறந்தது, கோயம்பேட்டுக்கு பெட்டிய தூக்கிட்டு போயிடாதீங்க. பண்டிகைக்கு முந்துன நாள் சாயங்காலம் ஜிஎஸ்டி ரோடு நகரவே நகராது, தாம்பரம் வரைக்கும் லோக்கல் ட்ரெயின்ல போய் அங்க இருந்து பஸ் மாறுங்க. ஆபீஸ்ல புதுசா சேந்தவங்களுக்கு லீவ் கடைசியா தான் கிடைக்கும், அதனால லீவ் அப்ரூவல் மெயில் வர்றதுக்கு முன்னாடியே டிக்கெட்ட போட்டுடுங்க, கேன்சல் பண்ணா கொஞ்சம் காசு தான போகும்.